இட்லிக்கு உளுந்துதான், பயறு ஏன் ஆகாது?

காவிரிப் படுகையில் தை மாதம், நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியுமே போதும், எழுபது நாள் சொச்சத்தில் இரண்டும் விளைந்துவிடும். செடியாக நிற்கையில் எது எதுவென்று சொல்வது புதியவர்களுக்குச் சிரமம். இரண்டுக்கும் மூன்று மூன்றாக இலை, மஞ்சள் சாயலில் பூ. இரண்டும் விக்னா பேரினம், இரண்டிலும் 22 குரோமோசோம்.

காய் வந்துவிட்டால் குழப்பம் தீரும். உளுந்தங்காய் குட்டை. நீண்ட ரோமம் அடர்ந்து, மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். பயற்றங்காய் ஒல்லியாக நீண்டு, விரிந்தோ தொங்கியோ இருக்கும். விதையில் வெள்ளையாகத் தெரியும் கண்ணைப் பாருங்கள்: உளுந்தில் அது விளிம்பு கட்டி மேடாக இருக்கும், பயறில் தட்டை.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. இந்தியில் மூங் என்றால் பாசிப்பயறு. ஆனால் அறிவியலில் விக்னா முங்கோ என்பது உளுந்து; பயறுதான் விக்னா ரேடியேட்டா.

இவ்வளவு நெருங்கிய சொந்தம் என்றாலும் கலப்பது எளிதல்ல. பயற்றுச் செடியைத் தாயாக வைத்து உளுந்தின் மகரந்தத்தைத் தூவினால் விதை பிடிக்கும். மாற்றிச் செய்தால் பெரும்பாலும் விதை சூம்பிப் போகும். பிடித்த விதையில் முளைக்கும் கலப்புச் செடிக்கும் மகரந்தத்தில் மலட்டுத்தன்மை அதிகம்.

சரி, சமையற்கட்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் வியப்பான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. ஊறிய உளுந்தை ஆட்டும்போது கையில் ஒட்டும் அந்த வழவழப்பு, அராபினோகேலக்டன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியால் வருவது. உளுந்தில் உள்ள குளோபுலின் புரதம் காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய தோல் கட்டும். அந்தத் தோல் உடையாமல் வழவழப்பு தாங்கிக்கொள்ளும். இரவில் லூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் மாவில் கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. அது வெளியேறாமல் குமிழிகளுக்குள் சிக்குவதால்தான் காலையில் மாவு பொங்கி நிற்கிறது. ஆவியில் வேகும்போதும் குமிழிகள் அமுங்குவதில்லை.

பயற்றிலும் புரதம் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் அந்த வழவழப்பு இல்லை. அதன் மாவும் புளிக்கும், வாயுவும் உண்டாகும். பிடித்து வைக்கத்தான் ஆளில்லை. ஆந்திரத்தில் பெசரட்டுக்குப் புளிக்கக் காத்திருப்பதில்லை. ஊறிய பயறை அரைத்த கையோடு கல்லில் ஊற்றி, மெல்லிசாகத் தேய்த்துவிடுகிறார்கள்.