போதைச் சார்பொருள்: ஒரு சொல் விளக்கம்

‘பென்டனில் சோதனைப் பட்டிகள், போதையேற்றும் கருவிகள் என்ற சட்ட வரைவிலக்கணத்திலிருந்து நீக்கப்பட்டன.’ அமெரிக்க மாநிலங்களைப் பற்றிய இத்தகைய வாக்கியத்தைக் கொழும்பில் வானொலியிலும் பத்திரிகையிலுமாக மூன்று முறை சந்தித்துவிட்டேன். புதுக்கடை நீதிமன்றங்களுக்காக நெடுங்காலம் சட்ட ஆவணங்களை மொழிபெயர்த்தவன் என்பதால், மூன்றாவது முறை, அந்தப் ‘போதையேற்றும் கருவிகள்’ என்ற மொழிபெயர்ப்பைப் பற்றி என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

பென்டனில் என்பது போதைத்தூளில் கலந்திருக்கக்கூடிய ஒரு செயற்கை மருந்து. அந்தப் பட்டி, அதைக் கண்டறியும் ஒரு சிறு காகிதத் துண்டு. தூளில் சிறிதளவைத் தண்ணீரில் கரைத்து அதில் தோய்த்தால், ஒரு கோடு விழுந்தால் பென்டனில் இருக்கிறது, இரண்டு கோடு விழுந்தால் தென்படவில்லை என்று பொருள். பென்டனில் ஹெரோயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியமுள்ளது. 2 மில்லிகிராம்கூட உயிரைப் பறிக்கக்கூடும். ஆளைச் சாவிலிருந்து காப்பதற்கான அந்தக் காகிதம் எவருக்கும் போதை ஏற்றாது. பிறகு எப்படி அது ‘போதையேற்றும் கருவி’களின் கூட்டத்தில் இத்தனை காலம் இருந்தது? செய்தியைக் கேட்டவருக்கு அமெரிக்கச் சட்டம் எழுதியவர்கள் மூடர்கள் என்றே தோன்றியிருக்கும். பிழை அவர்களுடைய சட்டத்தில் இருக்கலாம், அது வேறு விவாதம். இந்தக் குழப்பம் நம் மொழிபெயர்ப்பில் பிறந்தது.

ஆங்கில மூலச் சொல் ‘பாராபர்னேலியா’. கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் அருகே, புறம்பே. ‘ஃபெர்னே’ என்றால் சீதனம். மணப்பெண் சீதனத்துக்குப் புறம்பாகக் கொண்டுவரும் உடைமை அது. உரோமச் சட்டத்தில் அது கணவனுக்குப் போகாமல் அவளுக்கே உரியதாக இருந்தது. 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையின் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொத்துப் பாகுபாட்டை அறிந்த நமக்கு இது விளங்காத சங்கதி அல்ல. ஆங்கிலத்துக்கு வந்தபின் உடுப்பு, நகை என்று சுருங்கி, பிறகு எந்த ஒன்றையும் ஒட்டிவரும் தட்டுமுட்டுச் சாமான்கள் என்று விரிந்தது. ‘புறம்பே, ஒட்டி’ என்ற கருத்து மட்டும் கடைசிவரை கூடவே வந்திருக்கிறது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியதும் அதைத்தான்.

சட்டத்துக்கு வருவோம். 1979இல் அமெரிக்கப் போதைப்பொருள் அமலாக்க முகவரகம் ஒரு மாதிரிச் சட்டத்தை வரைந்தது. பல மாநிலங்கள் அதைத் தழுவிக்கொண்டன. அதன் வரைவிலக்கணத்தில் வரும் முக்கிய வினைகளைப் பாருங்கள்: நடுதல், வளர்த்தல், அறுவடை செய்தல், தயாரித்தல், சோதித்தல், பகுப்பாய்தல், பொதிசெய்தல், களஞ்சியப்படுத்தல், மறைத்தல், ஊசியால் ஏற்றுதல், விழுங்குதல், உள்ளிழுத்தல். இவற்றுள் எதற்காகவேனும் பயன்படுகிற, பயன்படுத்தக் கருதப்பட்ட, அல்லது வடிவமைக்கப்பட்ட பொருள் அனைத்தும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ‘சோதித்தல்’ என்ற வினை அங்கே இருந்ததால்தான் சோதனைப் பட்டி சிக்கியது. பென்சில்வேனியா 2022இன் இறுதியில் அதை விடுவிக்கச் சட்டம் இயற்றியது. வேறு பல மாநிலங்களும் அதே திருத்தத்தைச் செய்தன. மினசோட்டா 2023 ஓகஸ்ட்டிலிருந்து இத்தகைய பொருட்களை வைத்திருப்பதையே குற்றமில்லை என்று ஆக்கிவிட்டது.

இத்தனை வினைகளுள் கடைசி மூன்றை மட்டும் பொறுக்கி எடுத்ததே ‘போதையேற்றும் கருவி’. மற்றவற்றை அது கைவிட்டுவிட்டது. விதை நடும் சட்டி போதை ஏற்றுமா? பொதிசெய்யும் சிறு பை ஏற்றுமா? ஒளித்துவைக்கும் பெட்டி?

செய்திப் பிரிவொன்றில் பணியாற்றும் இளைஞர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “ஐயா, கேட்பவருக்கு விளங்கினால் போதாதா? கருவி என்றால் உடனே விளங்குகிறதே” என்றார். “தம்பி, உடனே விளங்குவது சரிதான். ஆனால் விளங்குவது வேறொன்றாக இருக்கிறதே” என்றேன். அவர் பிரித்தானியச் சட்டத்தைக் காட்டி, அங்கே ‘கருவி’ பொருந்துகிறதே என்று கேட்டார். அது நல்ல கேள்வி, அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும். பிரித்தானியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1986இல் செருகப்பட்ட 9ஏ பிரிவு, தடைசெய்யப்பட்ட போதைப்பொருளை உட்கொள்வதற்கும் உட்கொள்ளத் தயாரிப்பதற்குமான பொருட்களை வழங்குவதைத் தடுக்கிறது. ஊசிக்குழலை அந்தப் பிரிவே வெளிப்படையாக விலக்கிவைக்கிறது. அங்கே ‘உட்கொள்ளும் கருவி’ என்று எழுதினால் பெரும்பாலும் பொருந்தும். அமெரிக்கச் சொல்லுக்குப் பொருந்தாது. இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் ஒரே சொல்லை ஒட்டுவதும் மொழிபெயர்ப்பாளர் செய்யும் பிழைதான்.

மற்றப் போட்டியாளர் ‘போதைப்பொருள் உபகரணங்கள்’. பொலிஸ் செய்திகளில் இது வேரூன்றிவிட்டது. வடசொல் என்பதற்காக நான் இதைத் தள்ளவில்லை, சபையும் நீதியும் நிறைந்த என் தொழிலில் அப்படித் தள்ளினால் வாயே திறக்க முடியாது. ‘கற்றல் உபகரணங்கள் வழங்கிவைக்கப்பட்டன’ என்று அதே பக்கத்தில் கொப்பியும் பென்சிலும் வரும்போது, உபகரணம் என்பது ஒரு வேலைக்கென்றே செய்யப்பட்டது என்ற எண்ணம் படிப்பவருக்கு உண்டாகிறது. இங்கே நிலைமை நேர்மாறு. செட்டியார் தெருவில் நகைக்கடை மேசைமேல் இருக்கும் சிறிய இலத்திரனியல் தராசு தங்கம் நிறுக்கிறது. அதே தராசு தூள் பொட்டலங்களோடு ஒருவனுடைய பைக்குள் இருந்தால் வழக்குக்குச் சான்றுப்பொருள். சோற்றுப் பார்சல் சுற்றும் ஈயத்தாளும் அப்படியே. பொருள் மாறவில்லை, எதைச் சார்ந்து இருக்கிறது என்பதே மாறியிருக்கிறது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1994இல், கூட்டாட்சிச் சட்டத்தின் ‘முதன்மையாகக் கருதப்பட்ட’ என்ற தொடருக்கு, வாங்குவோர் பொதுவாக அதை எதற்குப் பயன்படுத்துவர் என்பதே அளவுகோல் என்று பொருள் கொண்டதும் இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘சார்பொருள்’. சார் என்ற வினையடியும் பொருளும் சேர்ந்த வினைத்தொகை, இடையில் ஒற்று மிகாது. ‘பாரா’வின் ‘அருகே, ஒட்டி’ என்ற கருத்து அதில் அப்படியே இருக்கிறது. நம் இலக்கணமே இதற்கு வழிகாட்டுகிறது. ‘சார்ந்துவரல் மரபின் மூன்று’ என்று தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகியவற்றைத் தனியே பிரிக்கிறது. ‘பசு’வில் உள்ள உகரம் முழுதாக ஒலிக்கிறது. ‘நாடு’ என்பதில் அதே உகரம் குறுகிவிடுகிறது. எழுத்து ஒன்றே, இடம் அதன் இயல்பை மாற்றுகிறது. தராசுக்கும் ஈயத்தாளுக்கும் நேர்வது இதுதானே? ‘துணைப்பொருள்’ என்றும் யோசித்தேன். துணை என்றால் உதவி என்ற சாயல் வந்துவிடும், மறைக்கும் பெட்டிக்கு அது சரிவராது.

முன்னொட்டில் ஒரு தயக்கம் உண்டு. ‘போதைச் சார்பொருள்’ என்பதை விரைவாக வாசிப்பவர் போதைக்கு அடிமையாதல் என்று மயங்கக்கூடும். பத்திரிகைக்கு அது போதும், சூழல் தெளிவாக்கிவிடும். சட்டத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது. இலங்கையின் போதைப்பொருள் சட்டமான 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவற்றைத் தமிழில் ‘அபாயகர ஔடதங்கள்’ என்று வழங்குகிறது. மருந்தாகவும் நஞ்சாகவும் நிற்கும் மோர்பினைப் போன்றவற்றுக்கு ‘போதைப்பொருள்’ என்பதைவிட ‘ஔடதம்’ எவ்வளவு நுட்பமானது! அன்று மொழிபெயர்த்தவர்கள் வரைவிலக்கணத்தை முதலில் வாசித்துவிட்டுச் சொல்லைத் தேடினார்கள். இன்று தலைப்பை வாசித்தவுடனே சொல் வந்து விழுகிறது, வரைவிலக்கணத்தை யாரும் திறப்பதில்லை. நேரமில்லை என்பார்கள். பன்னிரண்டு வினைகளை வாசிக்க எத்தனை நிமிடம் ஆகும்?

நம் நாட்டிலும் ஒருநாள் இந்த வரைவிலக்கணத்தைத் தமிழில் எழுத வேண்டி வந்தால், ‘அபாயகர ஔடதச் சார்பொருள்’ என்று எழுதலாம். அதுவரை வானொலிக்கு இந்த வாக்கியத்தைத் தருகிறேன்: ‘பென்டனில் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பட்டிகள் இனிப் போதைச் சார்பொருளாகக் கொள்ளப்படமாட்டா.’