ஃபாண்டூவில் புளிப்பு செய்யும் வேலை

உருக்கிய சீஸில் ரொட்டியை முக்கிச் சாப்பிடும் சீஸ் ஃபாண்டூ, வீட்டில் செய்து கெட்டால் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் கெடுகிறது. மேலே மஞ்சளாக எண்ணெய் மிதக்கும். அடியில் கரண்டிக்கு மசியாத கட்டி ஒன்று கிடக்கும். இரண்டுக்கும் நடுவே கலங்கிய நீர் நிற்கும். தீ கூடிவிட்டது என்று அடுப்பின் மேல் பழியைப் போடுவது வழக்கம். அது பாதிக் காரணம்தான். பாத்திரத்தில் போதுமான புளிப்பும் மாவுச்சத்தும் இருந்தனவா என்பதுதான் மீதிப் பாதி.

சிங்கப்பூர் வீடுகளுக்கு இந்த விவரம் கூடுதலாகவே தேவை. ஹலால் பார்த்துச் சாப்பிடும் நண்பர், சைவம் மட்டும் சாப்பிடும் சித்தி, எல்லாம் சாப்பிடும் பிள்ளைகள் என்று ஒரே மேசையில் கூடுவது இங்கே சாதாரணம். ஸ்டீம்போட்டைச் சுற்றி உட்கார்ந்து பழகியவர்களுக்கு நடுவில் ஒரு பாத்திரத்தை வைத்துச் சாப்பிடுவதும் புதிதல்ல. ஆனால் சுவிட்சர்லாந்தின் வழக்கமான செய்முறையில் வெள்ளை வைன் உண்டு, செர்ரிப் பழத்திலிருந்து வடித்த கிர்ஷ் உண்டு, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட்டால் உறைந்த சீஸ் உண்டு. இவற்றில் எதை விடலாம், விட்டால் பதிலுக்கு எதைச் சேர்க்க வேண்டும்? ஒவ்வொன்றும் பாத்திரத்துக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் அது பிடிபடும்.

கால்சியம் என்னும் கட்டு

சீஸ் என்பது கேசீன் என்ற புரதத்தால் ஆன வலை. வலைக்கண்களில் கொழுப்பும் நீரும் அடைபட்டிருக்கின்றன. கேசீன்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம். பூச்சரத்தில் நார் செய்கிற வேலை அது. சூடேறும்போது முதலில் இளகுவது கொழுப்பு. 32 டிகிரி செல்சியஸ் வாக்கில் தொடங்கி, 40 டிகிரிக்குள் ஏறக்குறைய முழுவதும் உருகிவிடும். நம் ஊர்ப் பகல் வெப்பமே அந்தத் தொடக்கத்தைத் தொடுவதால், துருவிய சீஸை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் அது வியர்க்கத் தொடங்கிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு துருவுவது நல்லது.

புரத வலை அவ்வளவு சீக்கிரம் இளகுவதில்லை. செடார், க்ரூயேர் போன்ற சீஸ்களில் அது தளர 65 டிகிரி அளவு வேண்டும். பார்மசான் போல நன்றாக உலர்ந்தவற்றுக்கு 80 டிகிரியையும் தாண்டும். கொழுப்பு வெளியே வரத் தயாராகிவிட்டது, புரதம் இன்னும் அசையவில்லை என்ற அந்த இடைவெளியில்தான் ஆபத்து. அதைத் தாண்டி மேலும் கொதிக்கவிட்டால் கேசீன்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த நீரையும் கொழுப்பையும் பிழிந்து தள்ளிவிடும்.

புளிப்பு இங்கேதான் உதவிக்கு வருகிறது. வைனில் உள்ள டார்டாரிக் அமிலமும் மாலிக் அமிலமும், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புள்ளவை. கால்சியம் விலகியதும் கேசீன்கள் தனித்தனியாகப் பிரிந்து நீரில் பரவுகின்றன. கேசீனின் ஒரு பகுதி கொழுப்பை நாடும், இன்னொரு பகுதி நீரை நாடும். அதனால் பிரிந்து வந்த கேசீனே கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் போர்த்தி, மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கிறது. 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஷ்டெட்லரும் எமென்டால் சீஸுடன் சிட்ரிக் அமிலத்தின் உப்பான சோடியம் சிட்ரேட் சேர்த்துப் பதப்படுத்திய சீஸை உருவாக்கியபோது பயன்பட்டதும் இதே வேதியியல்தான்.

புளிப்பு நல்லதென்றால் பன்னீர் ஏன் உருகுவதில்லை என்று கேட்கலாம். சரியான கேள்வி. கொதிக்கும் பாலில் எலுமிச்சையைப் பிழியும்போது கேசீனின் மின்னேற்றமே தணிந்துவிடுகிறது. ஒன்றையொன்று விலக்கும் விசை போய்விட்டதால், கால்சியத்தின் உதவியில்லாமலே அவை கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடியைச் சூடு தளர்த்தாது, இறுக்கத்தான் செய்யும். ஃபாண்டூவில் அரைக் கோப்பை எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால் அதுவும் இந்தத் திசையில்தான் போகும். ஆகவே புளிப்புக்கு அளவு உண்டு.

மாவுச்சத்து இரண்டாவது காவல். 62 டிகிரிக்கு மேல் கார்ன்ஃப்ளவரின், அதாவது மக்காச்சோள மாவுச்சத்தின், துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, நீரைக் கெட்டியாக்குகின்றன. கொழுப்புத் துளிகள் மேலே மிதக்க வழி கிடைப்பதில்லை. கேசீன்களும் மறுபடி கட்டியாகச் சேர முடிவதில்லை. சூரிக்கில் உள்ள இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஃபாண்டூவின் பாய்மத்தன்மையை அளந்து, பிரியாமல் நிற்க 100 கிராமுக்குக் குறைந்தது 3 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்று கண்டார்கள். பல வீடுகளில் ஒரு கரண்டி மாவைத் தூவி நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது.

நான்கு பேருக்கு

க்ரூயேர் 300 கிராம், எமென்டால் 300 கிராம், இனிப்பில்லாத வெள்ளை வைன் 270 மில்லிலிட்டர், கார்ன்ஃப்ளவர் 26 கிராம். மாவு, தலைதட்டிய மேசைக்கரண்டியில் மூன்றுக்குச் சற்று மேல் வரும். வெள்ளை நிற மாவுதான் வேண்டும். மஞ்சள் மக்காச்சோள மாவு ஆகாது. ஒரு பல் பூண்டு, கொஞ்சம் ஜாதிக்காய், மிளகு. உப்பு வேண்டாம், சீஸில் இருப்பதே போதும். கிர்ஷ் சேர்ப்பவர்கள் கடைசியில் 2 மேசைக்கரண்டி ஊற்றுவார்கள். அது மணத்துக்கு மட்டுமே, இல்லாவிட்டால் அமைப்பு கெடாது.

சீஸைக் கட்டியாக வாங்கித் துருவுங்கள். துருவியே விற்கும் பொட்டலங்களில் ஒட்டாமலிருக்கத் தூள் தூவியிருப்பார்கள். அது வாயில் நறநறவென்று தெரியும். மோசரெல்லாவும் வேண்டாம். இளம் சீஸில் கேசீன் நீளமாக, முழுதாக இருப்பதால் நூல் நூலாக இழுக்கும். ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை முதிர்ந்த க்ரூயேரில் நொதிகள் கேசீனை ஓரளவு துண்டாக்கியிருக்கும். வழுவழுப்பு அதிலிருந்துதான் வருகிறது.

துருவலையும் மாவையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, ஒவ்வொரு இழையிலும் வெண்மை படியும்வரை கையால் பிசிறுங்கள். மாவைத் தனியாகச் சூடான வைனில் கொட்டினால் கட்டி தட்டும். அடி கனமான பாத்திரத்தின் உட்புறத்தில் பூண்டைத் தேய்த்து, வைனை ஊற்றி, ஓரங்களில் சிறு குமிழ் வரும்வரை சூடாக்குங்கள். பிறகு தீயைக் குறைத்து, ஒரு பிடி துருவல் போட்டு, அது கரைந்ததும் அடுத்த பிடி. மரக்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக, எட்டு எழுதுவது போலக் கிளறுங்கள். ஒரே திசையில் வட்டமாகக் கிளறினால் கேசீன் இழைகள் வரிசையாக நின்று ஒரு பந்தாகத் திரண்டுவிடும்.

முதல் மூன்று நான்கு பிடியில் பார்க்கவே பயமாக இருக்கும். வைன் பால்போலக் கலங்கும், துருவல் முழுதும் கரண்டியைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், கரண்டியைத் தூக்கினால் மொத்தமும் கூடவே எழும். பலர் இந்த இடத்தில் பதறித் தீயைக் கூட்டிக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். பொறுமையாகக் கிளறிக்கொண்டே இருந்தால், பாதிச் சீஸ் உள்ளே போன பிறகு அந்தத் திரள் தளரும், மேற்பரப்பில் பளபளப்பு ஏறும். கரண்டியிலிருந்து வழியும் நாடா இரண்டு மூன்று நொடி மேலே கோடாகக் கிடந்து மறைந்தால் பதம் சரி. வெப்பமானி இருந்தால் 75 முதல் 80 டிகிரி. பெரிய குமிழ்கள் மெதுவாக எழுந்து வெடிப்பதுதான் எல்லை. அதற்கு மேல் போக வேண்டாம்.

வைன் இல்லாமல், க்ரூயேர் இல்லாமல்

வைனைக் கொதிக்க வைத்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்று நம்பி ஹலால் மேசைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. இவ்வளவு குறைந்த சூட்டில், இவ்வளவு குறைந்த நேரத்தில் கணிசமான பங்கு தங்கிவிடும். வைனுக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றுவதும் தீர்வல்ல, அமிலம் போய்விடுகிறதே. கணக்கு எளிது. ஒரு லிட்டர் வெள்ளை வைனில் பொதுவாக 5 முதல் 7 கிராம் அமிலம் இருக்கும், ஆக 270 மில்லிலிட்டரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம். எலுமிச்சைச் சாற்றில் அமிலம் ஏறக்குறைய 5 விழுக்காடு, ஆக 30 மில்லிலிட்டர் சாற்றில் அதே ஒன்றரை கிராம். எனவே 240 மில்லிலிட்டர் தண்ணீரும் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் வைனின் வேலை நடந்துவிடும். ஆப்பிள் சாறு ஊற்றச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. இனிப்பு தூக்கலாகிவிடுவதால் அதை விட்டுவிடுவதே மேல். சீஸிலும் ஹலால் முத்திரையைப் பாருங்கள், ரென்னெட் எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதும் முக்கியம்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குச் சிக்கல் வேறு. அசல் க்ரூயேர், எமென்டாலர், பார்மிஜானோ ரெஜ்ஜானோ மூன்றும் விலங்கு ரென்னெட்டால்தான் உறைய வைக்கப்படுகின்றன. நுண்ணுயிர் ரென்னெட் அல்லது சைவம் என்று உறையில் அச்சிட்ட செடார் 400 கிராமும் கௌடா 200 கிராமும் எடுத்துக்கொள்ளலாம். செடாரில் கொழுப்பு அதிகம், எளிதில் பிரியும். எலுமிச்சை மட்டும் போதாது, சோடியம் சிட்ரேட் வேண்டும். அதை வீட்டிலேயே செய்யலாம். 270 மில்லிலிட்டர் தண்ணீரில் 5 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, 6 கிராம் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். நுரைத்துப் பொங்கும், ஆகவே பெரிய பாத்திரமாக இருக்கட்டும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. அது அடங்கியதும் பாத்திரத்தில் இருப்பது சோடியம் சிட்ரேட் கரைசல், மிச்சமாகக் கொஞ்சம் புளிப்பு. பேக்கிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள். சோடாவை அளவுக்கு மேல் போட்டால் சவர்க்கார வாடை வரும். இதிலும் மாவு 26 கிராம்தான், மற்ற முறை எல்லாம் அதே.

மேசையில்

ஃபாண்டூ 55 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கெட்டிப்பட்டு ஆடை கட்டும். மின்சாரச் சோற்றுப் பானையின் சூடு காக்கும் நிலை பெரும்பாலும் 60 முதல் 75 டிகிரிக்குள் இருப்பதால் அது அருமையாகப் பொருந்துகிறது. ஸ்டீம்போட் சட்டியில் வெந்நீர் வைத்து, அதற்குள் ஃபாண்டூ கிண்ணத்தை இறக்கி வைப்பதும் நல்ல வழி. ஸ்பிரிட் விளக்கு வைப்பவர்கள் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். எரியும்போதோ, அணைத்த சூடு ஆறும் முன்போ அதில் எரிபொருளை ஊற்றவே கூடாது. அந்தச் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

ரொட்டி ஒரு நாள் பழையதாக இருக்க வேண்டும் என்பார்கள். இங்குள்ள ஈரக் காற்றில் வெளியே வைத்த ரொட்டி உலராது, நமத்துப்போகும். பிரெஞ்சு லோஃபை ஒரு அங்குலத் துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் மேல்தோல் இருக்கும்படி வெட்டி, 120 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் உலர்த்துங்கள். முள்கரண்டியை உள்பக்கமாகக் குத்தித் தோலில் நிறுத்தினால் துண்டு கழன்று விழாது. வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு, ஆவியில் வைத்த காலிஃபிளவர், பேரிக்காய் எல்லாம் சேரும். காய்களை ஈரம் போகத் துடைத்துக் கொடுங்கள். முக்கும்போது ஒவ்வொருவரும் அடிவரை ஒரு கிளறு கிளற வேண்டும், பாத்திரம் பிரியாமல் இருப்பது அதில்தான்.

நடுவில் பிரியத் தொடங்கினால் தீயில் வைத்தபடியே ஒரு தேக்கரண்டி மாவை இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை நீரில் கரைத்து ஊற்றி, கம்பிக் கலக்கியால் வேகமாக அடியுங்கள். பதப்படுத்திய சீஸ் துண்டு ஒன்றிரண்டைக் கிள்ளிப் போட்டாலும் சேர்ந்துகொள்ளும், அதில் சிட்ரேட் போன்ற உப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. கெட்டியாகிவிட்டால் சூடான திரவத்தைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். குளிர்ந்ததை ஊற்றினால் மறுபடி கட்டி தட்டும்.

குடிக்க என்ன என்பதும் பழைய விவாதம். சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஃபாண்டூவுடன் வைன் குடித்தவர்களைவிடக் கறுப்புத் தேநீர் குடித்தவர்களுக்கு வயிறு சீக்கிரம் காலியாயிற்று. சீனி போடாத சூடான தே ஓ கோசோங் தாராளமாகப் போதும்.

கடைசியில் அடியில் பொன்னிறமாக ஒட்டிய ஓடு இருக்கும். தீயை அணைத்து, தட்டைக் கரண்டியால் பெயர்த்துப் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள், அதுதான் மிகவும் ருசியான பகுதி. பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் ஊற வையுங்கள். வெந்நீர் ஊற்றினால் மிச்சச் சீஸ் மறுபடி இளகித் தேய்க்கும் நாரில் ஒட்டிக்கொள்ளும்.