கலங்கிய பாஸ்தா நீரும் திரியாத சீஸும்

ரோம் நகரில் டைபர் ஆற்றை ஒட்டி டெஸ்டாச்சோ என்றொரு பகுதி இருக்கிறது. 1890 முதல் 1975 வரை நகரத்தின் இறைச்சிக்கூடம் அங்கேதான் இயங்கியது. அதில் உழைத்தவர்களுக்குச் சமைத்துப் போட்டு வளர்ந்த உணவகங்கள் அந்தத் தெருக்களில் இன்றும் உண்டு. ட்ராட்டோரியா என்று அழைக்கப்படும் இந்தக் கடைகள் பெரும்பாலும் குடும்பத்தார் நடத்துபவை. இரவு எட்டு மணிக்கு மேல்தான் கூட்டம் சேரும். வழக்கமாக வருபவர்கள் மெனு அட்டையைத் திறக்க மாட்டார்கள். அவர்கள் கேட்பது அநேகமாக ரோமின் நான்கு பாஸ்தாக்களில் ஒன்றாக இருக்கும்: காச்சோ எ பெப்பே, கிரிச்சா, கார்போனாரா, அமாத்ரிச்சானா.

இவற்றில் காச்சோ எ பெப்பேக்குத் தேவையான பொருட்கள் மூன்றே மூன்று. பாஸ்தா, பெக்கோரினோ ரோமானோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ், மிளகு. வெண்ணெய் கிடையாது, கிரீம் கிடையாது, எண்ணெய்கூடக் கிடையாது. ஆனாலும் தட்டில் வரும்போது ஒவ்வோர் இழையின் மேலும் வெளிர்மஞ்சள் நிறத்தில் வழவழப்பான சாஸ் ஒரே சீராகப் படிந்திருக்கும். முள்கரண்டியில் சுற்றி எடுத்தால் இழையோடு சேர்ந்து வரும். தட்டின் அடியில் நீர் தேங்காது. இதே மூன்று பொருட்களை வைத்துக்கொண்டு வீட்டில் செய்தால் பெரும்பாலும் சாஸ் திரிந்துவிடும். சீஸ் இழுத்தால் நீளும் கட்டிகளாகச் சேர்ந்து கரண்டியில் ஒட்டிக்கொள்ளும்; வாணலியின் அடியில் கொழுப்புப் படலம் மிதக்கும் தண்ணீர் மிஞ்சும்.

கைப்பக்குவம் என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சமையலறையில் ஒரு பொருள் கூடுதலாக இருக்கிறது. அது மெனுவில் இல்லை, விலைப்பட்டியலிலும் இல்லை. பாஸ்தா வெந்த நீர்தான் அது.

முதலில் சீஸ் ஏன் திரிகிறது என்று பார்ப்போம். பெக்கோரினோ ரோமானோவின் பெரும்பகுதி சார்டீனியா தீவில் தயாராகிறது. குறைந்தது ஐந்து மாதம் முதிர வைக்க வேண்டும். துருவிப் பயன்படுத்துவதற்கான வகை என்றால் எட்டு மாதம். அதன் எடையில் கால் பங்குக்கும் மேல் கொழுப்பு, ஏறத்தாழக் கால் பங்கு புரதம், மீதியில் பெரும்பகுதி நீர். கொழுப்பும் நீரும் தாமாகக் கலப்பதில்லை. சீஸுக்குள் அவற்றை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது கேசீன் என்ற புரதம் பின்னிய வலை. கேசீன் மூலக்கூறுகளைக் கால்சியம் பிணைத்திருக்கிறது. அந்த வலையின் கண்களில் கொழுப்பும் நீரும் சிக்கியிருக்கின்றன.

சூடு ஏறும்போது கொழுப்பு உருகி நழுவத் தொடங்குகிறது. அதே நேரத்தில் புரதத்திலும் மாற்றம் நடக்கிறது. கேசீனின் சில பகுதிகள் நீரை ஒதுக்கும் குணம் கொண்டவை. வெப்பம் கூடக் கூட அந்தப் பகுதிகள் ஒன்றையொன்று இன்னும் வலுவாக நாடுகின்றன. பெக்கோரினோவை வெறும் நீரில் கரைத்துச் சூடாக்கினால், சுமார் 65 டிகிரி செல்சியஸில் புரதங்கள் கூட்டமாகத் திரண்டு கட்டியாகின்றன. நீர் வெளியே பிழியப்படுகிறது, கொழுப்பு தனியே பிரிகிறது. கொதிக்கும் பாஸ்தாவின் மேல் சீஸைக் கொட்டுவது என்றால், 100 டிகிரிக்கு அருகில் இருக்கும் ஒன்றின் மேல் கொட்டுவதாகும். திரியாமல் இருந்தால்தான் வியப்பு.

இனி பாஸ்தாவுக்கு வருவோம். உலர்ந்த பாஸ்தாவை துரும் கோதுமையிலிருந்துதான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967-ஆம் ஆண்டிலிருந்து சட்டமே இருக்கிறது. துரும் கோதுமை கடினமானது, புரதம் மிகுந்தது. அதன் ரவையை நீர் விட்டுப் பிசையும்போது குளூட்டன் என்ற கோதுமைப் புரத வலை உருவாகிறது; அந்த வலைக்குள் மாவுச்சத்துத் துகள்கள் அடைபட்டிருக்கின்றன. வேகும்போது நீர் வெளியிலிருந்து உள்நோக்கி ஊறுகிறது. சுமார் 60 டிகிரியைத் தாண்டியதும் துகள்கள் நீரைக் குடித்து உப்பிக் கூழாகின்றன. இந்த மாற்றத்துக்குக் கொதிநிலை தேவையில்லை. 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜோ பரிசி, பாஸ்தாவைக் கொதிநீரில் போட்டுச் சற்று நேரத்தில் அடுப்பை அணைத்து மூடி வைத்தாலே வெந்துவிடும், எரிவாயு மிச்சமாகும் என்று 2022-இல் சொன்னார். இத்தாலியச் சமையல்காரர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். இயற்பியலைப் பொறுத்தவரை பரிசி சொன்னது சரிதான்.

நீர் ஊறுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. இழையின் பருமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதிவரை நீர் போய்ச் சேர ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். மெல்லிய இழைப் பாஸ்தா இரண்டு மூன்று நிமிடங்களில் வெந்துவிட, ஸ்பகெட்டிக்குப் பத்து நிமிடம் ஆவது இதனால்தான். அல் டென்டே, அதாவது கடித்தால் சற்றே உறுதி தெரியும் பதத்தில் எடுத்த ஸ்பகெட்டியைக் குறுக்கே கடித்துவிட்டு வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். நீர் இன்னும் எட்டாத, கூழாகாத மாவுச்சத்து அது. ரோமானியச் சமையல்காரர் அந்தப் புள்ளி இருக்கும்போதே பாஸ்தாவை நீரிலிருந்து எடுத்துவிடுவார். மீதி வேக்காடு வாணலியில்.

எல்லா மாவுச்சத்தும் வலைக்குள் தங்குவதில்லை. நல்ல பாஸ்தாகூடத் தன் எடையில் ஏறத்தாழ 5 சதவீதத்தை நீரில் விட்டுவிடுகிறது. நேப்பிள்ஸுக்கு அருகில் உள்ள கிரான்யானோ ஊரில் வெண்கல அச்சில் பிழியப்படும் பாஸ்தாவுக்கு மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அது மாவுச்சத்தைத் தாராளமாக விடும், சாஸையும் பிடித்துக்கொள்ளும். டெஃப்லான் அச்சில் பிழிந்தது கண்ணாடி போல் வழுக்கும். காச்சோ எ பெப்பேக்கு வெண்கல அச்சுப் பாஸ்தாவை வாங்குவதே நல்லது என்பேன்.

நீரில் கரைந்த இந்த மாவுச்சத்துதான் சீஸைக் காப்பாற்றுகிறது. நம் வீடுகளில் சோறு வடித்த கஞ்சியை ஆறவிட்டால் கெட்டியாகிறதே, அதே வேதியியல்தான் இங்கும் வேலை செய்கிறது. நீண்ட மாவுச்சத்துச் சங்கிலிகள் புரதங்களுக்கு இடையே புகுந்து அவை ஒன்று திரளவிடாமல் தடுக்கின்றன. அதோடு நீரின் குழகுழப்பைக் கூட்டுவதால், கொழுப்புத் துளிகள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்வதும் மட்டுப்படுகிறது. இப்படி ஒரு திரவத்தில் இன்னொன்று நுண்துளிகளாகப் பிரியாமல் நிற்கும் கலவையைப் பால்மம் என்கிறோம். வாணலியைக் குலுக்கிக் குலுக்கிப் புரட்டும் கடைசிக் கட்டத்துக்கு மான்டெகாத்துரா என்று பெயர். அந்தக் குலுக்கல்தான் கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கிறது. வேடிக்கைக்காக யாரும் பாஸ்தாவைக் காற்றில் தூக்கிப் போடுவதில்லை.

எவ்வளவு மாவுச்சத்து வேண்டும்? இதை அளந்தே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் ஆய்வு நிறுவனங்களில் பணிபுரியும் எட்டு இத்தாலிய இயற்பியலாளர்கள் சேர்ந்து, திரவ இயற்பியலுக்கான ஓர் ஆய்விதழில் 2025-இல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். சீஸையும் மாவுச்சத்து நீரையும் வெவ்வேறு விகிதங்களில் கலந்து, வெப்பநிலையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, கண்ணாடித் தட்டில் ஊற்றிப் படமெடுத்து, கட்டிகளின் அளவைக் கணக்கிட்டார்கள். சீஸின் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாக மாவுச்சத்து இருந்தால் பெரிய கட்டிகள் உருவாகின்றன. இழுத்தால் நீளும் மொசரெல்லா சீஸை நினைத்து, அந்த நிலைக்கு ‘மொசரெல்லா நிலை’ என்றே பெயர் வைத்தார்கள். 4 சதவீதத்தைத் தாண்டினால் ஆறும்போது சாஸ் இறுகிச் சாப்பிட நன்றாக இருப்பதில்லை. 2 முதல் 3 சதவீதம்தான் சரியான இடம். அதே ஆண்டில் இந்த ஆய்வுக்கு இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது. எனக்கு இதில் சிரிக்க எதுவும் தோன்றவில்லை. புரதங்கள் எப்போது கலந்து நிற்கும், எப்போது தனியே திரளும் என்பது உயிரணுக்களுக்குள்ளும் கேட்கப்படும் கேள்விதான்.

இந்த எண்ணைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டால் வீட்டுக்கும் உணவகத்துக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடும். இரண்டு பேருக்கு 160 கிராம் சீஸ் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய மாவுச்சத்து சுமார் 4 கிராம். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீர் என்பது இத்தாலிய வீடுகளின் வழக்கம். 5 கிராம் கரைந்தால் அந்த நீரில் அரை சதவீதம்தான் இருக்கும். 4 கிராம் மாவுச்சத்து வேண்டுமானால் 800 மில்லிலிட்டர் நீரைச் சீஸில் ஊற்ற வேண்டும். வருவது சூப்.

உணவகத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் புது நீர் வைப்பதில்லை. ஒரே பெரிய தொட்டியில் நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். துளையிட்ட கூடைகளில் பாஸ்தாவைப் போட்டு அதற்குள் இறக்குவார்கள், வெந்ததும் தூக்குவார்கள். தொட்டி 25 லிட்டர், தட்டுக்கு 100 கிராம் பாஸ்தா என்று கொண்டால், 25-ஆவது தட்டு வேகும்போது நீர் வீட்டு நீரின் அளவை எட்டுகிறது. நூறாவது தட்டில் நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ 2 சதவீதம். ஆவியாகும் நீர் அதை இன்னும் செறிவாக்குகிறது. அவ்வப்போது ஊற்றும் புது நீர் சற்றே நீர்க்க வைக்கிறது. இரவு பத்து மணிக்கு அந்தத் தொட்டியைப் பார்த்தால் அடி தெரியாத அளவுக்குக் கலங்கியிருக்கும். சமையல்காரர் அதில் ஓர் அகப்பை எடுத்து, முக்கால் பதம் வெந்த பாஸ்தாவோடு வாணலியில் ஊற்றிச் சுண்ட விடுகிறார். நீர் பாதியாகக் குறையும்போது மாவுச்சத்தின் செறிவு இரட்டிப்பாகிறது. பாஸ்தாவின் மேற்பரப்பும் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் விடுகிறது.

இதிலிருந்து ஓர் ஊகத்துக்கு இடமுண்டு. கடை திறந்ததும் வரும் முதல் பந்திக்குக் கிடைக்கும் நீர் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிட நீர்த்தது. விவரமான சமையல்காரர்கள் சிலர் தொடக்கத்திலேயே ஒரு பிடி மாவைத் தொட்டியில் கரைத்துவிடுவதற்கு இதுவே காரணம்.

நீர் தயாரானாலும் சூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்ந்த கைகள் சீஸைச் சேர்ப்பதற்கு முன் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிவிடும். ஓரிரு நிமிடம் ஆறிய பிறகுதான் சீஸ் விழும். பலர் சீஸை முன்கூட்டியே சிறிது வெதுவெதுப்பான நீரில் குழைத்துப் பசையாக்கி வைத்துக்கொள்கிறார்கள். உலர்ந்த துருவல் ஓரிடத்தில் குவிந்து கட்டியாவதை இது தவிர்க்கும். பெக்கோரினோவில் உப்பு அதிகம் என்பதால் வேகவைக்கும் நீரில் உப்பைக் குறைத்தே போட வேண்டும். நீர் சுண்டும்போது உப்பும் சேர்ந்தே செறிவாகும்.

மிளகைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதன் காரத்துக்குக் காரணமான பைப்பரின் நீரில் கரைவது அரிது, கொழுப்பில் நன்கு கரையும். சீஸின் கொழுப்பு நுண்துளிகளாகப் பரவியிருப்பதால் காரமும் நாக்கெங்கும் சீராகப் பரவுகிறது. சாஸ் திரிந்துபோன தட்டில் காரமும் திட்டுத்திட்டாகத் தெரிவதைக் கவனிக்கலாம். வாணலியில் வெறுமனே வறுத்து நசுக்கிய மிளகுக்கு மணம் கூடும். இந்த மணம் ரோமுக்குப் புதிதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் டொமிஷியன் ஆட்சிக் காலத்தில் நகரின் நடுவே மிளகுக்கென்றே கிடங்கு கட்டியிருந்தார்கள். பொன்னோடு முசிறிக்கு வந்த யவனர் கலங்கள் மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடலும் சொல்கிறது.

தட்டு மேசைக்கு வந்த பிறகும் வேதியியல் நிற்பதில்லை. ஆற ஆற மாவுச்சத்துச் சங்கிலிகள் மறுபடி நெருங்கிச் சாஸை இறுக வைக்கின்றன, கொழுப்பு உறைகிறது. பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு முள்கரண்டியை எடுத்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பரிமாறுபவர் சாப்பிடச் சொல்லி அவசரப்படுத்துவதில் நியாயம் இருக்கிறது. தட்டைச் சூடாக்கி வைத்துப் பரிமாறும் கடைகளுக்கு என் மதிப்பெண் கூடுதல். இதைப் பார்சல் வாங்குவதில் பயனில்லை. மீண்டும் சூடாக்கும்போது முன்பிருந்த வழவழப்பு திரும்புவது அரிது.

இத்தாலிக்கு வெளியே பல உணவகங்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கிரீமை ஊற்றிவிடுகின்றன. கிரீமில் கொழுப்பு அதிகம், கேசீன் குறைவு, எளிதில் திரியாது. ஆனால் செம்மறியாட்டுப் பாலின் கூர்மையான சுவையை அது மழுங்கடித்துவிடுகிறது. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை, அதுவும் ஒரு சிட்டிகை மாவுச்சத்தில் முடிகிற காரியத்துக்கு.

அந்த எட்டுப் பேரும் தங்கள் கட்டுரையில் செய்முறையையும் கொடுத்திருக்கிறார்கள். 4 கிராம் உருளைக்கிழங்கு மாவை அல்லது சோளமாவை 40 கிராம் நீரில் கரைத்து, கெட்டியாகித் தெளியும்வரை மெல்லிய தீயில் கிளற வேண்டும். இறக்கி, கொஞ்சம் நீர் விட்டு ஆற்றி, 160 கிராம் பெக்கோரினோவைச் சேர்த்து மிக்சியில் அடித்தால் வழவழப்பான சாஸ் கிடைக்கும். வறுத்து நசுக்கிய மிளகைக் கலந்து, 240 கிராம் பாஸ்தாவை வேகவைத்து வடித்துச் சற்றே ஆறவிட்டு இதில் புரட்ட வேண்டும். சாஸ் கெட்டியாகத் தெரிந்தால் பாஸ்தா வெந்த நீரை ஒரு கரண்டி விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம்.