அதிகப் பாயிண்ட் எடுத்தவர் தோற்பது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “பிரெஞ்சு ஓப்பன் ஃபைனலில் சின்னர் 193 பாயிண்ட், அல்கராஸ் 192 பாயிண்ட். அதிகம் எடுத்தவர் கையில் கோப்பை இல்லையே, இது என்ன கணக்கு?”

அவர் சொல்வது 2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் நடந்த பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸின் ஆண்கள் இறுதிப்போட்டியை; அதில் வென்றவர் அல்கராஸ். 5 மணி 29 நிமிடம் நீண்டது; பிரெஞ்சு ஓப்பன் வரலாற்றில் இவ்வளவு நேரம் எந்த ஃபைனலும் நடந்ததில்லை. முதல் இரண்டு செட்டையும் சின்னர் எடுத்தார். நான்காவது செட்டில் 5-3 முன்னிலை. அல்கராஸ் சர்வீஸில் 0-40 (அவருக்குப் பூஜ்யம், சின்னருக்கு மூன்று பாயிண்ட்), அதாவது சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்: அடுத்த மூன்றில் ஒன்றை எடுத்தால் கோப்பை அவருக்கு. மூன்றையும் அல்கராஸ் காப்பாற்றினார். அந்த செட்டை டை-பிரேக்கில் (6-6 என்று சமமான செட்டை முடிக்க ஆடும் சிறு ஆட்டத்தில்) எடுத்தார், ஐந்தாவது செட்டையும் டை-பிரேக்கில், அதுவும் 10-2 என்று முடித்தார். அந்தக் கடைசி டை-பிரேக் தொடங்கும்போது சின்னர் 191, அல்கராஸ் 182 என்பதைக் கழித்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஒன்பது பாயிண்ட் பின்தங்கியிருந்தவர்தான் வென்றார்.

அன்று இரவிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சி. ‘சின்னருக்கு அதிர்ஷ்டம் இல்லை’ என்பது ஒன்று. ‘அல்கராஸுக்கு விதி எழுதிவைத்தது’ என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. நடந்ததை விளக்கப் பள்ளியில் படித்த நிகழ்தகவே போதும். அந்தக் கணக்கின் நடுவில் இருக்கும் ஒரு சின்ன இயந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு பாயிண்ட் எடுத்தால் ஒரு கேம், ஆனால் எதிராளியைவிட இரண்டு அதிகம் இருக்க வேண்டும். முதல் மூன்று பாயிண்ட்டையும் 15, 30, 40 என்று எண்ணுவார்கள், சர்வீஸ் செய்பவரின் எண் முதலில் வரும். மூன்றுக்கு மூன்று வந்தால் டியூஸ். ஆறு கேம் ஒரு செட், அங்கேயும் இரண்டு வித்தியாசம் வேண்டும், 6-6 ஆனால் டை-பிரேக். கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஆண்களுக்கு ஐந்தில் மூன்று செட், பெண்களுக்கு மூன்றில் இரண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரு கேம் முடிந்ததும் அதன் மிச்சம் எதுவும் அடுத்த கேமுக்கு வராது. நான்கு பாயிண்ட் வரிசையாக எடுத்து ஜெயித்தாலும், பத்து முறை டியூஸுக்குப் போய் ஜெயித்தாலும் ஒரே ஒரு கேம்தான். செட்டும் அப்படித்தான், 6-1 என்றாலும் 7-6 என்றாலும் ஒன்று. தேர்தலில் ஒரு தொகுதியை லட்சம் ஓட்டில் ஜெயித்தாலும் நூறு ஓட்டில் ஜெயித்தாலும் ஒரு இடம்தானே கிடைக்கிறது, அதே மாதிரி. எளிதாக ஜெயித்த இடங்களில் ஒருவர் குவிக்கும் உபரி பாயிண்ட்டுகள் எதிலும் சேராமல் போய்விடும்.

2019 விம்பிள்டன் ஃபைனல் இதற்கு இன்னும் தெளிவான சாட்சி. ஃபெடரர் 218 பாயிண்ட், ஜோகோவிச் 204. ஃபெடரர் தான் எடுத்த இரண்டு செட்டையும் 6-1, 6-4 என்று எடுத்தார். ஜோகோவிச் எடுத்த மூன்று செட்டும் டை-பிரேக் (அப்போது அங்கே ஐந்தாவது செட்டில் 12-12 ஆனால்தான் டை-பிரேக்). கோப்பை ஜோகோவிச்சுக்கு. 2010 விம்பிள்டனில் மூன்று நாள் நடந்த அந்த முதல் சுற்று ஆட்டம் நினைவிருக்கலாம்: கடைசி செட் 70-68 (அப்போது அங்கே கடைசி செட்டுக்கு டை-பிரேக் கிடையாது). அதில் தோற்ற மாஹூ 502 பாயிண்ட் எடுத்திருந்தார், வென்ற இஸ்னர் 478.

சரி, அப்படியானால் இந்த முறை திறமைக்கு எதிரானதா? அப்படி இல்லை. உண்மையில் இது திறமையைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் முறை. ஃபெடரர் 2024-ல் டார்ட்மவுத் கல்லூரியில் பேசும்போது தன் கணக்கைத் தானே சொன்னார்: ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் வெற்றி, ஆனால் ஆடிய பாயிண்ட்டுகளில் ஜெயித்தது 54 சதவீதம்தான். நூறு பாயிண்ட்டில் 46-ஐ இழந்தவர் பத்து ஆட்டத்தில் எட்டை ஜெயித்திருக்கிறார்! 54 எப்படி 80 ஆனது? இதற்கு விடை தேட டியூஸுக்குள் போக வேண்டும்.

ஒரு வீராங்கனை தன் சர்வீஸில் ஒவ்வொரு பாயிண்ட்டையும் ஜெயிக்கும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் டியூஸில் நிற்கிறது. இங்கிருந்து அவர் கேமை ஜெயிக்கும் வாய்ப்பு என்ன?

அடுத்த இரண்டு பாயிண்ட்டை மட்டும் பாருங்கள். இரண்டையும் அவரே ஜெயிக்க வாய்ப்பு 0.6 × 0.6, அதாவது 36 சதவீதம். அப்படி நடந்தால் கேம் அவருக்கு. இரண்டையும் இழக்க 0.4 × 0.4, 16 சதவீதம். கேம் போச்சு. மீதி 48 சதவீதத்தில் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். மறுபடி டியூஸ், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறோம். அங்கிருந்து மறுபடி 36, 16, 48. அப்புறம் மறுபடியும். கோட்பாட்டளவில் இதற்கு முடிவே இல்லை.

பதினொன்றாம் வகுப்புப் பெருக்குத் தொடரைக் கொண்டு இதைக் கூட்டலாம்: 0.36, அதோடு 0.36-இன் 0.48 மடங்கு, அதோடு அதன் 0.48 மடங்கு, இப்படியே. ஆனால் தொடரே தேவையில்லை என்பதுதான் இதில் அழகு. திரும்பி வரும் அந்த 48 சதவீதம் யாருக்கும் சாதகமில்லை, பழைய நிலையை அப்படியே மீட்டுத் தருகிறது. ஆகவே அதை மறந்துவிடலாம். ஆட்டம் எப்போது முடிந்தாலும், முடியும் அந்தச் சுற்றில் இருவருக்கும் உள்ள விகிதம் 36-க்கு 16. சுருக்கினால் 9-க்கு 4. எனவே அவர் ஜெயிக்கும் வாய்ப்பு 13-ல் 9, அதாவது 69 சதவீதம். முடிவிலி வரை நீளும் ஒரு கணக்கு ஒரே ஒரு வகுத்தலில் அடங்கிவிடுகிறது!

இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு பாயிண்ட்டில் இருவருக்கும் இருந்த விகிதம் 60-க்கு 40, அதாவது 3-க்கு 2. டியூஸைத் தாண்டி வரும்போது அது 9-க்கு 4. மூன்றின் வர்க்கம் ஒன்பது, இரண்டின் வர்க்கம் நான்கு. டியூஸ் செய்கிற வேலை இதுதான், இருவருக்கும் உள்ள திறமை விகிதத்தை வர்க்கப்படுத்துகிறது. ‘இரண்டு வித்தியாசம் வேண்டும்’ என்ற எளிய விதிக்குள் ஒரு வர்க்கப்படுத்தும் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. இதை முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த நாளிலிருந்து டியூஸ் என்று நடுவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

முடிவில்லாமல் நீளுமோ என்று பயப்பட வேண்டாம். 60 சதவீதக் கணக்கில் டியூஸிலிருந்து முடிவுக்கு வரச் சராசரியாக நான்கு பாயிண்ட்கூட ஆகாது. என்றாலும் அரிதாக நீளத்தான் செய்யும். 1975-ல் இங்கிலாந்தின் சர்பிடனில் ஒரே கேம் 37 முறை டியூஸுக்குப் போயிருக்கிறது.

மற்ற படிகளெல்லாம் இதே வேலையைத்தான் மறுபடி மறுபடி செய்கின்றன. சர்வீஸ் வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டு, எல்லாப் பாயிண்ட்டிலும் 55 சதவீத வாய்ப்புள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு கேமை ஜெயிக்க அவருக்கு வாய்ப்பு 62 சதவீதம். ஒரு செட்டை ஜெயிக்க 81. மூன்று செட் ஆட்டத்தை ஜெயிக்க 91, ஐந்து செட் ஆட்டத்தை ஜெயிக்க 95. ஒவ்வொரு தளத்திலும் வித்தியாசம் பெரிதாகிக்கொண்டே போகிறது. 51 சதவீதம் என்ற மெல்லிய மேன்மைகூட ஐந்து செட் முடிவில் 63 ஆகிவிடும்.

இந்தக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. நிகழ்தகவு என்ற துறையே நடுவில் நின்றுபோன சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654-ல் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களில் வேர்விட்டது. அடுத்த தலைமுறையில் கணிதவியலாளர் யாக்கோப் பெர்னூலி, டென்னிஸின் மூதாதையான பாம் ஆட்டத்தில் இருவரின் திறமை விகிதம் தெரிந்தால் வெற்றி வாய்ப்பை எப்படிக் கணிப்பது என்று ஒரு நீண்ட கடிதமே எழுதினார். அவர் இறந்தபின் 1713-ல் வெளியான நிகழ்தகவு நூலோடு அதுவும் சேர்ந்து வந்தது. பந்தாட்டக் கணக்குப் போட்ட அதே கைதான் பெரும் எண்களின் விதியையும் (சோதனைகளின் எண்ணிக்கை கூடக்கூடச் சராசரி உண்மையான வாய்ப்பை நெருங்கும் என்பதை) நிறுவியது. இன்று காப்பீடு, மருந்துச் சோதனை, கருத்துக்கணிப்பு எல்லாம் நிற்பது அந்த விதியின் மேல். நம் ஊரில் கணித ஆய்வுக்கு நிதி கேட்டுப் போகிறவரிடம் முதலில் வரும் கேள்வி ‘இதனால் உடனடிப் பயன் என்ன?’ என்பதுதான். பெர்னூலியிடம் அப்படிக் கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. பயன் தெரியாத கணக்குக்கும் ஒரு பங்கு நிதியை ஒதுக்கித்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது பாரிஸுக்கு வருவோம். 0-40-இல் நிற்கும் அல்கராஸுக்குக் கேமை மீட்க என்ன வாய்ப்பு? சர்வீஸில் 60 சதவீதம் என்றே வைத்தால், முதலில் மூன்று பாயிண்ட் தொடர்ந்து வேண்டும்: 0.6 × 0.6 × 0.6, அதாவது 0.216. பிறகு டியூஸிலிருந்து 13-ல் 9. இரண்டையும் பெருக்கினால் 15 சதவீதம், ஏறக்குறைய ஏழில் ஒன்று. கடினம்தான், ஆனால் நடக்கக்கூடியது. 2019-இல் ஃபெடரர் ஐந்தாவது செட்டில் 8-7, தன் சர்வீஸில் 40-15 என்று இருந்து அந்தக் கேமை இழந்தார். புல்தரையில் 70 சதவீத சர்வீஸ் உள்ளவர் அங்கிருந்து கேமை இழக்கும் வாய்ப்பு 1.4 சதவீதம், சுமார் எழுபதில் ஒன்று. கணக்குப்படி அதுதான் பெரிய அதிசயம்.

எல்லாப் பாயிண்ட்டும் சமமில்லை என்பதையும் இதே கணக்கு காட்டும். ஒரு பாயிண்ட்டை ஜெயித்தால் கேம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, தோற்றால் எவ்வளவு என்று பார்த்து, இரண்டின் வித்தியாசமே அந்தப் பாயிண்ட்டின் முக்கியத்துவம் என்று 1977-ல் கார்ல் மோரிஸ் என்ற புள்ளியியலாளர் வரையறுத்தார். 60 சதவீத சர்வீஸில் 40-0 நிலையில் அது வெறும் 0.05. அங்கே ஏமாந்து ஒரு பந்தை வலையில் அடித்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. 30-30-இல் 0.46. 30-40-இல் 0.69! பெயருக்கு எல்லாம் ஒரு பாயிண்ட்தான், ஆனால் எடையில் பதினான்கு மடங்கு வித்தியாசம். 193-க்கு 192 என்று எண்ணிக் கூட்டும்போது இந்த எடைகள் மறைந்துவிடுகின்றன. வாசகரின் கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

இங்கே ஒருவர் நியாயமாக மறுக்கலாம்: ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரே வாய்ப்பு என்று வைப்பது சரியா, பதற்றம், உற்சாகம் எல்லாம் இல்லையா? இதை கிளாஸன், மாக்னஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 1992 முதல் 1995 வரையிலான விம்பிள்டன் ஆட்டங்களில் 86,000-க்கும் மேற்பட்ட பாயிண்ட்டுகளை அலசி 2001-ல் வெளியிட்டார்கள். முந்தைய பாயிண்ட்டை ஜெயித்தவருக்கு அடுத்ததில் சிறு அனுகூலம் இருக்கிறது. முக்கியமான பாயிண்ட்டில் சர்வீஸ் செய்பவருக்குச் சற்றுக் கடினமாகிறது. ஆனால் இரண்டு விளைவும் சின்னவை, வீரர் எவ்வளவு வலுவானவரோ அவ்வளவு குறைவு. எனவே நம் எளிய கணக்கு உண்மைக்கு நன்றாகவே நெருங்கி வருகிறது.

கணக்கு இப்படியிருக்க, அதிர்ஷ்டத்தை நம்பும் ரசிகர்களும் உண்டு. ஃபைனல் அன்று அதே சட்டை, அதே நாற்காலி, நடுவில் எழுந்தால் விக்கெட் விழுந்துவிடும் என்று கிரிக்கெட்டில் வளர்த்த பழக்கம், வீரர்களின் ராசிக்குப் பலன் சொல்லும் காணொளிகள் எல்லாம் டென்னிஸிலும் வந்துவிட்டன. டென்னிஸ் வீரர் நடால் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கியதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். வீரர் தன் மனதை ஒருமுகப்படுத்த வைத்திருக்கும் ஒழுங்கு வேறு, நாம் இங்கே உட்கார்ந்தால் அங்கே பந்து கோட்டுக்குள் விழும் என்பது வேறு. முதலாவதில் காரணமும் விளைவும் ஒரே உடம்புக்குள் இருக்கின்றன. இரண்டாவதில் நடுவில் எதுவுமே இல்லை.

இப்போது டியூஸுக்கே ஆபத்து வந்திருக்கிறது. ஏடிபி என்ற ஆண்கள் தொழில்முறைச் சுற்றின் இரட்டையர் ஆட்டங்களில் 2006 முதல் அட்வான்டேஜ், அதாவது டியூஸுக்குப் பின் இரண்டு வித்தியாசம் வேண்டும் என்ற விதி, கிடையாது. மூன்றுக்கு மூன்று வந்தால் அடுத்த ஒரே பாயிண்ட்டில் கேம் முடிந்துவிடும். தொலைக்காட்சி நேரத்துக்காக ஒற்றையரிலும் இதைக் கொண்டுவர வேண்டும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 60 சதவீத வீரர் ஒரு கேமை ஜெயிக்கும் வாய்ப்பு 73.6-இலிருந்து 71-ஆகக் குறையும், அவ்வளவுதான். எண்ணிக்கையில் சிறிய இழப்பு என்பது சரியே. என்றாலும் நான் எதிர்க்கிறேன். சராசரியாக நான்கு பாயிண்ட்டுக்குள் முடியும் ஒன்றை வெட்டி மிச்சப்படுத்தும் நிமிடங்களுக்காக, 3-க்கு 2-ஐ 9-க்கு 4 ஆக்கும் அந்த இயந்திரத்தைக் கழற்றி எறிய வேண்டுமா? கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் அது இன்னும் இருக்கிறது. அங்கேயாவது அதைத் தொடாமல் விடட்டும்.