மசில் கார்: தமிழில் ‘மல்லுந்து’

பெரிய எஞ்சின் பூட்டிய அமெரிக்கக் கார் வகையான ‘மசில் கார்’ என்பதைத் ‘தசை மகிழுந்து’ என்று யாராவது எழுதினால் என் மனம் ஒப்புவதில்லை. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் தசை என்றதும் தமிழ்க் காதில் விழுவது சதை, வலிமை அல்ல. ‘தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்’ என்ற பழமொழியில்கூடத் தசை என்பது உறவு, பலம் அன்று. ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது, அமெரிக்கர்கள் அதை எந்த வண்டிக்குச் சூட்டினார்கள் என்று பார்த்துவிட்டால் நமக்கான சொல்லைத் தேடுவது எளிது.

மசில் என்பதன் வேர் இலத்தீனில் உள்ள ‘மஸ்குலுஸ்’. அதற்குச் சிறு எலி என்று பொருள். கையை மடக்கி முறுக்கினால் தோலுக்கடியில் புஜம் உருண்டு எழுந்து நகரும். அது குட்டி எலி ஓடுவதுபோல் ரோமானியர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கிரேக்கத்திலும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல்தான். அந்தச் சொல் அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது முரட்டு பலத்தையும், அந்தப் பலத்துக்காகக் கூட வைத்துக்கொள்ளும் அடியாளையும் சேர்த்தே குறித்தது. காருக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பொருள்தான்.

வேகமாக ஓடும் அமெரிக்க வண்டி எல்லாம் மசில் கார் ஆகிவிடாது. நடுத்தர அளவில், குடும்பத்தோடு கடைக்குப் போகிற சாதாரண வண்டியின் உடல். பெரும்பாலும் இரண்டே கதவு. அதற்குள், அதைவிடப் பெரிய காருக்கென்று செய்த வி8, அதாவது எட்டு சிலிண்டர், எஞ்சின். இழுப்பது பின்சக்கரம். விலை, வேலைக்குப் போகும் இளைஞனுக்கு எட்டுகிற அளவில். இவையெல்லாம் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். 1949-இல் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ராக்கெட் 88-ஐ முன்னோடி என்பார்கள். 1955-இன் கிரைஸ்லர் 300-இல் 300 குதிரைத்திறன் இருந்தது, ஆனால் அது வசதியானவர்களின் வண்டி.

வகையை நிலைநிறுத்தியது 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓ. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1963 தொடக்கத்தில் தன் பிரிவுகள் அனைத்தையும் பந்தயங்களிலிருந்து விலக்கிக்கொண்டது. அந்தப் பிரிவுகளில் ஒன்றான, பந்தயத்தால் பேர் வாங்கிய பான்டியாக்குக்கு அது பெரிய அடி. அதோடு, நடுத்தர வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் வைக்கக்கூடாது என்று தலைமையகம் விதித்திருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் டெம்பெஸ்ட் வண்டிக்குள் 389 கன அங்குல எஞ்சின் எளிதாக உட்காரும் என்று கண்டுகொண்டார்கள். நம் கணக்கில் சுமார் 6,400 சிசி. புது மாடல் என்றால்தான் மேலிடத்து ஒப்புதல் வேண்டும். எனவே அதை மாடலாகக் காட்டாமல், வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியாக, சுமார் 296 டாலருக்கு வைத்தார்கள். 5,000 வண்டிகள் போதும் என்று தொடங்கியது முதலாண்டிலேயே 32,450 விற்றது. பெயர் பெராரியிடமிருந்து எடுத்தது. அமெரிக்க ரசிகர்கள் அந்த மூன்றெழுத்தைத் திரித்து, ‘கோட்’, அதாவது ஆடு, என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

அந்த பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பணம் கட்டியவர்களின் வண்டியில் எஞ்சின் தலையில் மூன்று கார்புரேட்டர்கள் வரிசையாக இருக்கும். மெதுவாகப் போகும்வரை நடுவில் உள்ளது மட்டும் எரிபொருள் ஊட்டும். மிதித்தால் மற்ற இரண்டும் வாய் திறக்கும். நின்ற நிலையில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று ஒரு மிதி மிதித்தால், எஞ்சினின் முறுக்கு விசை தாங்காமல் வண்டியின் உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். பிற்பாடு வந்த பல மசில் கார்களில் பானட்டின் மேல் காற்றை உள்ளிழுக்க ஒரு மேடு வைத்தார்கள். எனக்கு அது காளையின் திமிலாகவே தெரியும். ஆனால் 1964 ஜிடிஓவின் நான்கு சக்கரத்திலும் சாதாரண டிரம் பிரேக்தான். ஓட வைத்த அக்கறையை நிறுத்துவதில் காட்டவில்லை என்பது நியாயமான குறைதான்.

இந்த வண்டிகளுக்கு வளைவு நெளிவு தெரியாது. நேர்கோடு, கால் மைல், அதாவது 402 மீட்டர், அதற்குள் யார் முந்துகிறார் என்பதுதான் கேள்வி. டெட்ராய்ட்டில் தொடங்கி பான்டியாக் நகரம்வரை போகும் உட்வர்ட் அவென்யூவில், சிவப்பு விளக்கில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று உறுமும். பச்சை விழுந்ததும் பின் டயர் புகையக் கிளம்பும்.

அன்றைய பத்திரிகைகள் இவற்றை அதிகமும் ‘சூப்பர் கார்’ என்றுதான் எழுதின. மசில் கார் என்ற பெயர் பிற்பாடுதான் நிலைத்தது. 1970-இல் உச்சம்: செவர்லே செவெல் எஸ்எஸ்-இன் 454 கன அங்குல எஞ்சினுக்கு 450 குதிரைத்திறன், பிளைமவுத் குடாவின் ‘ஹெமி’ எனப்பட்ட 426 கன அங்குல எஞ்சினுக்கு 425. இந்த எண்கள், காற்று வடிகட்டியும் முழு சைலன்சரும் இல்லாமல் எஞ்சினைத் தனியே நிறுத்தி அளந்தவை. 1972-இல் வண்டியில் பொருத்திய நிலையில் அளக்கத் தொடங்கியதும் எண்கள் இறங்கின. அதற்கு முன்பே காப்பீட்டுக் கட்டணம் இளைஞர்களை விரட்டியிருந்தது. தூய காற்றுச் சட்டம் எஞ்சினைக் கட்டிப்போட்டது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது கதை முடிந்தது.

1964 ஏப்ரலில் வந்த போர்டு மஸ்டாங்கையும் இதே பட்டியலில் பலர் சேர்த்துவிடுகிறார்கள். அது வேறு வகை: ‘போனி கார்’, மட்டக்குதிரை. உடலே சிறியது. அதற்குள்ளும் பெரிய எஞ்சின் ஏறியபிறகு எல்லை கலங்கியது உண்மை.

இனி தமிழுக்கு வருவோம். ‘ஆற்றல்மிகு மகிழுந்து’ என்றால் பெராரிக்கும் பொருந்தும், வகை தெரியாது. ‘வலியுந்து’ பழந்தமிழுக்குச் சரி, ஆனால் வலி என்றால் இன்றைய காதுக்கு நோவுதான். ‘முறுக்குந்து’ என்பதை நான் நெடுநாள் விரும்பினேன். முறுக்கு விசை, முறுக்கேறிய உடம்பு, முறுக்கிக்கொண்டு நிற்பது, மூன்றும் அதில் உண்டு. ஆனால் தின்னும் முறுக்கு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘மல்’. வலிமை என்றும் மற்போர் என்றும் அதற்குப் பொருள். முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப் பட்டம் கொண்டதால் மாமல்லபுரத்தின் பெயரில் அது நிற்கிறது. பேச்சிலும் சாகவில்லை: ‘அவனோடு மல்லுக்கு நிற்காதே’, ‘காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறேன்’ என்கிறோம். அந்த வண்டியும் மல்லன்தான், ஓட்டக்காரன் அன்று. சிவப்பு விளக்கில் இரண்டும் மல்லுக்குத்தான் நிற்கின்றன. பேருந்து, சரக்குந்து, மகிழுந்து என்ற வரிசையில் இதுவும் இயல்பாகச் சேரும்.

தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்பது விதி. கல்லும் உப்பும் சேர்ந்து கல்லுப்பு ஆவதுபோல் மல்லும் உந்தும் சேர்ந்து மல்லுந்து. பன்மையில் மல்லுந்துகள். பந்தயத்தோடு சேரும்போது ப் மிகும்: மல்லுந்துப் பந்தயம்.