சஸ்பென்ஸுக்குத் தமிழில் என்ன?

"இக்கதை மிகுந்த சஸ்பென்ஸுடன் எழுதப்பட்டுள்ளது." இலக்கியப் பரீட்சை விடைத்தாளில் தவறாமல் தலைகாட்டும் வரி இது. சரி, அதையே தமிழில் எழுதச் சொன்னால்? பாதிப் பேர் 'மர்மம்' என்பார்கள், மீதிப் பேர் 'திகில்' என்பார்கள். இரண்டும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்து வீடுதான், அதே வீடு இல்லை.

சஸ்பென்ஸின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பெண்டெரே' என்றால் தொங்கவிடுவது. 'சஸ்பெண்டெரே' என்றால் மேலே தூக்கித் தொங்கவிடுவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது சட்டத்தோடு ஒட்டிய சொல். முடிவாகாமல் நிறுத்திவைத்த நிலையைக் குறித்தது. நெஞ்சு படபடப்பதெல்லாம் பிறகு ஏறிய பொருள். மேசையில் தூங்கும் பெண்டிங் ஃபைல், வேலையிலிருந்து சஸ்பெண்ட் ஆனவர், கடிகாரத்துப் பெண்டுலம் எல்லாம் ஒரே குடும்பம்.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இன்னொரு உறவும் தெரியும். கணக்கு நிலுவைகளைப் பற்று, வரவு என்று பிரித்து எழுதும் இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால், பிழை அகப்படும்வரை வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்பார்கள். பாடநூலில் அதன் பெயர் அனாமத்துக் கணக்கு. அனாமத்து, அரபியின் 'அமானத்' வழி வந்தது. ஒப்படைத்துவைத்த பொருள் என்பது மூலப்பொருள். நம் பேச்சில் கேட்பாரற்றுக் கிடப்பதாக மாறிவிட்டது. கணக்குக்குப் பொருத்தமான சொல்தான், கதைக்கு உதவாது.

மர்மம் வடமொழியின் 'மர்மன்'. அடிபட்டால் உயிரே போகக்கூடிய இடம் என்று பொருள். வர்மக்கலையின் வர்மமும் அதன் உறவு. மர்மக்கதையில் சம்பவம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும், யார் செய்தது என்பதுதான் மறைந்திருக்கும். சஸ்பென்ஸில் இன்னும் நடக்கவே இல்லை, நடக்கப் போகிறது. திகில் வெறும் பயம். விறுவிறுப்பு கதையின் வேகம்.

எனக்குப் பொருத்தமாகப் படுவது ஊசலாட்டம். ஊசல் என்றால் ஊஞ்சல். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் ஊசல்வரி என்றே பாட்டு உண்டு. இயற்பியல் புத்தகத்தில் பெண்டுலத்துக்கும் தனி ஊசல் என்றுதான் பெயர். "உயிர் ஊசலாடுகிறது" என்று ஆஸ்பத்திரி வாசலில் சொல்கிறோமே, அதில் லத்தீன்காரர் நினைத்த தொங்கல் அப்படியே இருக்கிறது. கூடுதலாக ஒன்றும் இருக்கிறது: ஊசலுக்கு இரண்டு முனை உண்டு.

பரீட்சைக்குப் பயன்படுவது இந்த இரண்டு முனைதான். ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-ல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' கதையை எடுத்துக்கொள்வோம். மூன்று வரம் தரும் பாதம். முதல் வரமாக 200 பவுண்டு கேட்டார்கள். மகன் இயந்திரத்தில் சிக்கிச் செத்து, அதற்கான தொகையாக அந்தப் பணம் வந்தது. இரண்டாவது வரமாக மகனையே திரும்பக் கேட்கும்படி தாய் தகப்பனை வற்புறுத்துகிறாள், அவரும் கேட்கிறார். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. கீழே தாய் சங்கிலியைக் கழற்றிவிட்டாள், மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை, நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். மாடியில் தகப்பன், கதவு திறக்கும் முன் மூன்றாவது வரத்தைக் கேட்டுவிட, இருட்டில் தரையைத் துழாவிப் பாதத்தைத் தேடுகிறார். ஒரு முனை தாழ்ப்பாள், மறுமுனை பாதம். எது முதலில் கைக்கு வரும்?

ஜேக்கப்ஸ் செய்திருப்பதைப் பாருங்கள்: கீழே நடப்பது எதையும் அவர் காட்டவில்லை, தகப்பனின் காதுக்கு விழுவதை மட்டும் சொல்கிறார். சங்கிலிச் சத்தம், நாற்காலி உரசும் சத்தம், தட்டும் சத்தம். விடைத்தாளில் "சஸ்பென்ஸ் மிகுதி" என்பதற்குப் பதில், "தாழ்ப்பாளுக்கும் பாதத்துக்கும் நடுவே வாசகர் மனம் ஊசலாடுகிறது, ஒலியை மட்டும் கொடுத்துக் காட்சியை மறைத்து ஆசிரியர் அதை நீட்டுகிறார்" என்று எழுதலாம். கடைசியில் பாதம் முதலில் கைக்கு வருகிறது, தகப்பன் மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார்; கதவு திறக்கும்போது வெளியே வெறும் தெருவும் மினுக்கும் விளக்கும்தான்.

அதற்காகப் பேச்சிலும் ஊசலாட்டம் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். படம் பார்த்துவிட்டு வந்து கதையைக் கொட்டுகிற நண்பனிடம் "சஸ்பென்ஸை உடைக்காதே" என்றுதான் சொல்ல முடியும். அங்கே ஊசலாட்டம் எடுபடாது. தமிழில்தான் வேண்டும் என்றால் "முடிவைச் சொல்லிடாதப்பா" போதும்.