எகாத்: உபாகமம் 6:4 சொல்லும் ‘ஒருவர்’

எபிரெயத்தில் எகாத் என்பது எண்ணுப்பெயர். ஆலெப், கேத், டாலெத் என்று மூன்றே எழுத்து; பொருள் ‘ஒன்று’. அரபியின் ‘அஹத்’ இதற்கு உடன்பிறந்த சொல். வடமொழி ‘ஏக’ ஒலியில் நெருங்கினாலும் வேர் வேறு.

இச்சொல்லின் முழுக் கனமும் வேதாகமத்தின் ஐந்தாம் நூலான உபாகமம் 6:4-இல் இருக்கிறது. எபிரெயத்தில் அந்த வசனம் ஆறே சொல். ‘ஷெமா இஸ்ராயேல்’ (இஸ்ரவேலே, கேள்) என்ற விளிக்குப் பின் ‘கர்த்தர், நம் தேவன், கர்த்தர், எகாத்’ என நான்கு பெயர்ச்சொற்கள் வினையில்லாமல் அடுக்கி நிற்கின்றன. எங்கே நிறுத்திப் படிப்பது? ‘கர்த்தர் நம் தேவன், கர்த்தர் ஒருவர்’ என்றும் படிக்கலாம்; ‘கர்த்தரே நம் தேவன், கர்த்தர் மட்டுமே’ என்றும் படிக்கலாம். அடுத்த வசனம் முழு இருதயத்தோடும் அன்புகூரச் சொல்கிறது. 14-ஆம் வசனம் வேறு தேவர்களைப் பின்பற்றாதே என்கிறது. ஆகவே ‘அவர் மட்டுமே, வேறெவரும் இல்லை’ என்ற பொருளே இங்கே ஓங்கி நிற்கிறது.

எகாத் என்றாலே ‘பலர் சேர்ந்த ஒருமை’ என்று அடிக்கடி போதிக்கப்படுகிறது. ஆதியாகமம் 2:24-இன் ‘ஒரே மாம்சம்’, எண்ணாகமம் 13:23-இன் திராட்சைக்குலை இரண்டையும் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் ‘ஒரு குலை’ என்னும்போது பன்மை குலையில் இருக்கிறது, ‘ஒரு’வில் இல்லை. பிரசங்கி 4:8-இல் துணையற்ற தனியாளுக்கும், ஏசாயா 51:2-இல் தன்னந்தனியாய் அழைக்கப்பட்ட ஆபிரகாமுக்கும் இதே எகாத்தான் வருகிறது. எதிர்ப்பக்கத்திலும் பிழை உண்டு. உறுப்போ பிரிவோ அற்ற தத்துவ ஒருமை யூத தத்துவ அறிஞர் மைமோனிடஸ் 12-ஆம் நூற்றாண்டில் விரித்து எழுதியது. அதை உபாகமத்தின் சொல்லுக்குள் திணிப்பதும் தவறு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ இந்த ஒரு சொல்லை மட்டும் சாட்சிக்கு இழுக்க முடியாது.

யூதர்களின் வேதமான தோராச் சுருளில் எகாத்தின் கடைசி எழுத்தான டாலெத்தைப் பெரிதாக எழுதுவது மரபு. டாலெத்தின் மேல் வலது மூலையில் சிறு நீட்டல் இருக்கும். அது மழுங்கினால் எழுத்து ரேஷ் ஆகி, சொல் ‘அகேர்’, அதாவது ‘வேறொருவன்’ என்று மாறிவிடும். யாத்திராகமம் 34:14-இல் ‘அந்நிய தேவன்’ என்னுமிடத்தில் அதே அகேரின் ரேஷ் பெரிதாக எழுதப்படுகிறது.

தமிழில் என்ன சொல்வது? எபிரெயம் ஆளுக்கும் பொருளுக்கும் ஒரே எண்ணுப்பெயரைக் கொள்கிறது. தமிழோ உயர்திணைக்கு ஒருவர், அஃறிணைக்கு ஒன்று எனப் பிரிக்கிறது. பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் ‘நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்’ மிகப் பொருத்தம். அதிலுள்ள ஏகாரம் பிறரை விலக்குவதால் ‘ஒருவர்’, ‘மட்டுமே’ இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பண்புப்பெயராக ‘ஒருமை’ போதும். ‘ஏகத்துவம்’ தமிழ் முஸ்லிம்களிடம் தவ்ஹீதுக்கு, அதாவது இறைவன் ஒருவனே என்ற கொள்கைக்கு, வழங்கும் சொல், அதுவும் சரியே. ‘ஒற்றுமை’ என்று மட்டும் எழுதக்கூடாது: அது பலர் இணங்கி இருப்பதைக் குறிக்கும்.